இலை காயும் முன் மலைக்குப் போன வேன்

உசிலம்பட்டியில் மாடி வைத்த வீடு, மூன்று வேன், வீட்டுக்காரம்மா நடத்துகிற மெஸ், இரண்டு பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு. இவ்வளவையும் உண்டாக்கியவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர். நான் பதினான்கு வயதில், கம்பத்திலிருந்து மதுரைக்குத் திராட்சைப் பெட்டி ஏற்றி வரும் லாரியில் கிளீனராக ஏறினேன். "நீயெல்லாம் ஸ்டியரிங்கத் தொட்டா வண்டியே வெக்கப்படும்டா" என்று சொன்ன அந்த லாரி முதலாளி, பிற்காலத்தில் என் வேனில்தான் குடும்பத்தோடு பழனிக்குப் போனார். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டிய பெருமையை நானே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

ஆனால் வீட்டையும் வேனையும் விட நான் பெரிதாக நினைப்பது வேறு. வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் மீனாட்சி கோயில், மஹால், வண்டியூர் தெப்பக்குளம் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். அவர்களை மேற்கே திருப்பியவன் நான். காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. அடுத்து செக்கானூரணி தாண்டி உள்ளே இருக்கும் ஒரு பழைய ஊர். அங்கே மலைக்குகையில் துறவிகள் படுத்த கல்படுக்கைகளும், படிக்கத் தெரியாத பழைய எழுத்துகளும் உண்டு. பிறகு ஆண்டிபட்டி கணவாய், சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர் ஊராக இறங்கி ஏறி, கடைசியில் கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போய் நிற்பது. திராட்சை லாரியில் எதிர்த்திசையில் ஆயிரம் தடவை வந்த ரோடு அது. அதையே ஒரு நாள் சுற்றுலாவாக மாற்றினேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மார்கழி மாதத்தில், அந்தப் பழைய ஊரில்தான் இது நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அன்று வேனில் இரண்டே பேர். ஒருவர் காரைக்காலில் பிறந்து, பிரான்சில் வாழ்க்கைப்பட்ட பெண். இன்னொருவர் அவருடைய மாமியார், எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா. அங்கே அவர்களுக்கு ஒயின் போடுகிற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மாமியார் வாழ்நாள் முழுக்கத் திராட்சைக் கொடியோடு கிடந்தவர். இந்தியாவில் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் காய்க்கும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை வெட்டுவார்கள் என்று மருமகள் சொன்னதை நம்பாமல், நேரில் பார்த்தே தீருவது என்று வந்திருந்தார். கம்பத்துத் தோட்டக்காரரும் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் வெட்டு, மூன்று மணிக்கு மேல் பந்தல் காலியாகிவிடும்.

இந்த இடத்தில் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் அவர்களுடைய காவல் சாமி இருக்கிறது. மார்கழியில் ஒரு நாள் ஆண்கள் மட்டும் கூடிக் கிடா வெட்டிச் சமைத்து, பொட்டலில் வரிசையாக வாழை இலை போட்டுச் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட இலையை எடுக்க மாட்டார்கள். அது கிடந்த இடத்திலேயே கிடந்து காய்ந்து சருகாக வேண்டும். அதுவரை, பொட்டலுக்கு முன்னால் நட்டிருக்கும் எல்லைக்கல்லைத் தாண்டிப் பெண்கள் வருவதில்லை. உள்ளூர்ப் பெண்ணானாலும் வெளியூர்ப் பெண்ணானாலும் ஒரே கட்டுப்பாடுதான்.

எனக்கு இது தெரியாது என்று சொல்ல வழியில்லை. அந்தப் பந்தியில் நானே பல வருடம் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். பந்தி முடிந்து பத்து நாளாகியிருந்தது. வாழை இலை காய ஒரு வாரம் போதாதா? என் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட வத்தல் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, எல்லாம் காய்ந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி என்னிடம் மற்றவர்கள்தான் கேட்பார்கள், நான் யாரிடம் கேட்பது என்ற நினைப்பு.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் முக்கில் ஒரு டீக்கடை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா நடத்துகிறார். வேன் திரும்பியதும் அவர் கையில் கரண்டியோடு ரோட்டுக்கு வந்து ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். ஊருக்குள் போக வண்டி கேட்கிறார் என்று நினைத்தேன்.

"டூர் வண்டி தாயி, ஆள் ஏத்த முடியாது! பின்னால பஸ் வரும்!" என்று கத்திவிட்டு அழுத்தினேன்.

எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் அடிவாரத்தில் வேனை நிறுத்தினேன். மருமகள் மாமியாரின் கையைப் பிடித்து இறக்கினார். இருபது அடி நடந்திருப்பார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அங்கிருந்தே சத்தம் போட்டார்கள். பத்து நிமிடத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் பொட்டலில் கிடந்த இலை ஒன்றை என்னிடம் காட்டினார். ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. நடுநரம்பு மட்டும் பச்சையாகவே இருந்தது. அந்த ஊரில் நடுவில் இரண்டு நாள் மழை பெய்திருக்கிறது. எட்டு மைல் தள்ளி இருக்கும் என் மாடியில் ஒரு சொட்டு விழவில்லை.

பெண்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க போய்க் கல்லுக்கு அந்தப் பக்கம் இருங்கம்மா, ஒங்க மேல தப்பு இல்ல" என்று அனுப்பினார்கள். விஷயம் புரிந்ததும் அந்த வெள்ளைக்கார அம்மாதான் மருமகளை இழுத்துக்கொண்டு முதலில் நடந்தார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏண்ணே, வெளியூர்க்காரன் செஞ்சா தெரியாம செஞ்சான்னு சொல்லலாம். நீங்க இங்க இலை போட்டுத் தின்ன ஆளுதான?"

"கறி தின்னது ஞாபகம் இருக்கு, இலை ஞாபகம் இல்லபோல!" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள்.

எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில் வாயில் வந்ததைச் சொன்னேன். "யாரும் சொல்லலியேப்பா. முக்குல ஒரு போர்டுகூட இல்ல. சொல்லியிருந்தா நான் வருவேனா?"

பெரியவர் முகம் மாறிவிட்டது. "போர்டு எதுக்கு? அதுக்குத்தான முக்குல ஆளப் போட்டிருக்கோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீக்கடை இருப்பது ஊர்ப் பொது இடத்தில். இலை காயும் வரை பெண்கள் வரும் வண்டியை நிறுத்திச் சொல்வது அந்த அம்மாவின் பொறுப்பு. அந்த ஏற்பாட்டின் பேரில்தான் அந்த வருடம் கடை போட விட்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாவும் என் வேனுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். ஆனால் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டார். அதற்கு மேல் அவர் வர முடியாது. இருநூறு அடி தூரத்தில், கரண்டியைக் கையில் பிடித்தபடி, அந்த இரண்டு விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் நின்றார். இங்கே ஆண்கள் முப்பது பேர், நடுவில் நான்.

பெரியவர் அங்கே பார்த்துக் கத்தினார். "ஏத்தா, வேன நிப்பாட்டாம என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

அவர் பதில் சொன்னார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. "கையக் காட்டுனேன்" என்பது மட்டும்தான் அரைகுறையாகக் கேட்டது.

"கையக் காட்டுனியா, போனப் பாத்துக்கிட்டு இருந்தியா?" என்று ஒருவர் நக்கல் செய்தார். "அண்ணன் யாரும் சொல்லலங்குறாரு. மூணு வேன் வச்சு நடத்துற மனுசன் பொய்யா சொல்வாரு?"

"நாளைக்குக் கடையப் பிரிச்சிரு" என்றார் பெரியவர். முடிந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் நான் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த ஊர்ப் பக்கமே வர முடியாது, இந்த ஊர் இல்லாவிட்டால் என் சுற்றுலாவுக்கு உயிரில்லை என்று மனசு கணக்குப் போட்டது. எல்லைக்கல்லைப் பார்த்தேன். அந்த அம்மா கரண்டியை மறுபடி தூக்கி ஆட்டிக் காட்டினார், முக்கில் என்னிடம் ஆட்டிய மாதிரியே. இப்படித்தானே செய்தேன், சொல்லுங்கள் என்று கேட்கிறார். அவர் பேச்சு இங்கே வந்து சேரவில்லை, அவரும் வர முடியாது. முப்பது பேர் நம்புகிற வாய் அங்கே என்னுடையது ஒன்றுதான். அதை நான் மூடி வைத்திருந்தேன்.

கிளீனராக இருந்த காலத்தில் கூடத் தலை குனிந்து நின்றதில்லை என்று பேசித் திரிகிறவன் நான். இந்த ஒரு நிமிடத்தை மறைத்தால் இனி எந்தத் தைரியத்தில் அதைச் சொல்வேன்?

"எல்லாரும் என்கூட வாங்க" என்றேன். "இங்க வச்சுச் சொல்ல மாட்டேன். அந்தம்மா காதுல விழுகணும்." காரணம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்தேன். பின்னால் வந்தார்கள். எல்லைக்கல் அருகே போய், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "இந்தம்மா ரோட்டுல எறங்கி மறிச்சுச்சு. நான்தான் நிக்கல. யாரும் சொல்லலன்னது பொய்."

அந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "பஸ்ஸு வரும்னீகளேண்ணே, பஸ் நின்னு மூணு மாசமாச்சு. அது தெரியுமா?"

கூட்டம் சிரித்துவிட்டது. பெரியவர் சிரிக்கவில்லை. "நீ செஞ்சது ரெண்டு தப்பு. இலை காயுமுன்ன வந்தது ஒண்ணு, அதச் சாமி பாத்துக்கும். பொம்பள மேல பொய்யாப் பழி போட்டது ஒண்ணு, அத நாங்க பாத்துக்குறோம். கடை இருக்கும். இனி ஒன் வண்டி முக்கத் தாண்டக் கூடாது."

பிடித்ததை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. "வண்டி வராதுய்யா. நடத்திக் கூட்டிட்டு வாரேன். அந்தம்மா போகலாம்னு சொன்னா மட்டும் வாரேன்" என்றேன். அதை அவளிடமே கேள் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். கேட்டேன். "மொதல்ல நிப்பாட்டிப் பழகுங்க, பெறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று ஓடினார்.

கம்பம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வெட்டு முடிந்து பெட்டிகள் லாரி ஏறிவிட்டன. தோட்டக்காரர் என்னை ஒரு பாட்டம் ஏசிவிட்டு, மூலையில் பிஞ்சு என்று விட்டுவைத்திருந்த இரண்டு கொத்தைக் காட்டினார். அந்த வெள்ளைக்கார அம்மா கழுத்தை நிமிர்த்திப் பந்தலையே வெகுநேரம் பார்த்தார். அவர் முதுகு நன்றாகக் கூனியிருந்தது. அவர்கள் ஊரில் கொடி இடுப்பளவுதானாம், குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டதாம். நிமிர்ந்து பறிக்கும் திராட்சையை இன்றுதான் பார்க்கிறேன் என்றாராம். அப்புறம் மருமகள் மூலமாக என்னிடம் ஒன்று கேட்டார். அந்தக் கடை நாளைக்கு அங்கே இருக்குமா? இருக்கும் என்றேன். அதற்குப் பிறகுதான் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார்.

அந்த வருடம் இலை சருகானதும் முக்கில் வேனை நிறுத்தி, டீ குடித்து, அந்த அம்மாவிடம் கேட்டு, நடந்தே போனோம். இன்றுவரை அப்படித்தான். முக்கால் மைல் நடை. வருகிறவர்களுக்கு மலையை விட அந்த நடைதான் பிடிக்கிறது.

இப்போது மதுரையில் பெரிய டூர் கம்பெனிகள் எல்லாம் இதே வழியில் வண்டி விடுகின்றன. போன மாதம் ஒரு நோட்டீஸ் என் கைக்கு வந்தது. கிராமத்து டீக்கடையில் அனுமதி பெற்று, பாரம்பரியத்தை மதித்து நடந்து செல்வது தங்கள் நிறுவனம் யோசித்து உருவாக்கிய புதுமை என்று பளபளப்புத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். என் மகள் வாசித்துக் காட்டினாள். அவர்கள் யோசித்தார்களாம்!

கம்பெனிக்காரர்களே, இந்த வழியைப் போட்டவன் நான், அதில் பொய் சொன்னவனும் நான், எல்லைக்கல் வரை நடந்து போய் அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொண்டவனும் நான். இந்த மூன்றும் என் கணக்கில் இருப்பதால்தான் இன்றைக்கும் எந்த முக்கிலும் யார் கையைக் காட்டினாலும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. நீங்கள் விற்கிற அந்த நடை பிறந்தது அந்த மறிப்பில்தான், ஆகவே அடுத்த நோட்டீஸில் மறித்த அந்த அம்மாவின் பெயரை முதலிலும் நிற்காமல் போன என் பெயரை அதற்குக் கீழேயும் நீங்கள் போட்டே ஆக வேண்டும்.