சித்தப்பாவின் காலில் விழுந்த குழி

எங்கள் வீட்டில் நோயைப் பற்றி வெளியில் பேசும் வழக்கம் இல்லை. தென்காசியில் கோயில் மரியாதை பெறும் குடும்பம். சளி பிடித்தால்கூடச் சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரின்மேல் பழியைப் போடுவோமே தவிர, உடம்பின்மேல் போடமாட்டோம். ஆகவே, கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற நான், மஸ்கட்டில் மகனோடு தங்கியிருக்கையில் சிறுநீரகத்துக்கென்று ஒரு மருத்துவரைத் தேடி அலைய நேர்ந்ததை உறவினர் எவருக்கும் தெரிவிக்கவில்லை.

என் வயதைக் கேட்டதுமே காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். பக்கத்து மருத்துவமனையில் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் ஆள் இருந்தார்கள், சிறுநீரகத்துக்கு இல்லை. மற்றோரிடத்தில் பரிந்துரை கேட்டார்கள். அதைத் தரவேண்டியவரோ விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். மகன் கடைசியில் கண்டுபிடித்த நிபுணர் கேரளத்துத் தென்மலைக்காரர். எல்லையிலுள்ள புளியறை வழியாக வந்து குற்றாலத்தில் குளித்தவராம். அவர் அறிக்கைகளைப் புரட்டுமுன் குனிந்து, என் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த இடத்தில் ஒரு குழி நின்றது.

“அம்மா, குடும்பத்துல வேற ஆர்க்காவது கிட்னி கம்ப்ளெயிண்ட் உண்டா?”

“இல்ல டாக்டர், யாருக்கும் இல்ல” என்று மகன் முந்திக்கொண்டான். நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழியை எட்டு வயதில் நான் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. பஹ்ரைனில் வேலை. ஓர் ஆனி மாதத்தில், விடுப்புக்கு வெகுநாள் முன்பே வந்து இறங்கினார். முகம் உப்பியிருந்தது; நிறம் வெளுத்திருந்தது. இரண்டையும் வெளிநாட்டு வாழ்வின் செழிப்பாகவே வீடு எடுத்துக்கொண்டது. “போம்போது குச்சியா போனாவ, இப்ப பாருங்க, பூசுன மாதிரி வந்து நிக்காவ” என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் பெருமைப்பட்டாள். அந்தப் பூரிப்பைக் கண்டே அச்சன்புதூர் நிலக்காரர் ஒருவர் தம் மகளைத் தர முன்வந்தார். இரு வீட்டாரும் கூடிப் பேசுவதற்காகக் குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பங்களா பிடித்தார்கள்.

பெரியவர்கள் சீர் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா தம் காலை நீட்டி எனக்கு ஒரு வித்தை காட்டினார்.

“ஏட்டி, இங்கன அமுக்கு. நல்லா அமுக்குட்டி, நோவாது.”

அமுக்கினேன். பிசைந்த மாவில் விரல் பதிந்தாற்போல் குழி விழுந்தது. மெல்ல மெல்ல மேலே வந்தது. நான் கைகொட்டிச் சிரித்தேன். மறுபடி, மறுபடி என்று கேட்டேன்.

“பஹ்ரைன்ல ஒரு டாக்டரும் இதேதான் பண்ணுனாரு. அவரு மட்டும் சிரிக்கல” என்றார் சித்தப்பா.

மறுநாள் பெண் வீட்டார் விருந்து. இலை போட்டு முதலில் உப்பு வைத்தார்கள். சித்தப்பா அதை விரலால் இலைக்கு வெளியே தள்ளினார். ஊறுகாயையும் அப்பளத்தையும் வேண்டாமென்று கையால் மறித்தார். பெண்ணின் தாய்மாமன் பந்தியின் நடுவே நின்றுவிட்டார்.

“என்ன மாப்ள, எங்க வீட்டு உப்பு கசக்கோ?”

“இல்ல அண்ணாச்சி, டாக்டர்…”

அப்பா உரக்கச் சிரித்து அந்தச் சொல்லை மூடினார். “துரைமார் சாப்பாட்டுக்குப் பழகிட்டான் அண்ணாச்சி. நாலு நாள் நம்ம கையில சாப்பிட்டாச் சரியாயிருவான்.” பந்தியே சிரித்தது. அப்பாவின் கண்கள் சிரிக்கவில்லை. சித்தப்பா தள்ளிய உப்பை எடுத்துச் சோற்றில் பிசைந்து உண்டார். ஊறுகாயும் உண்டார். தாய்மாமன் மனம் குளிர்ந்து இன்னும் இரண்டு அப்பளம் வைத்தார்.

அன்று மாலை அடுத்த அறையில் சித்தப்பாவும் அப்பாவும் பேசியது என் காதில் விழுந்தது.

“ஊருக்குப் போனதும் பெரிய டாக்டரப் பாக்கச் சொன்னாருண்ணே. அங்கன இதுக்கு ஆளில்ல, மெட்ராசுக்குப் போன்னாரு.”

“கல்யாணம் முடியட்டும்லே, நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா இந்தச் சம்பந்தம் நிக்குமா? அருவியில போயி நில்லு. எல்லா வீக்கமும் இறங்கிரும்.”

பெரிய டாக்டர் என்றால் நல்ல உயரமாக இருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா அருவியில் நின்றார். மூன்று வேளையும் விருந்து உண்டார். பிறகு படுக்க மாட்டாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கத் தொடங்கினார். விமானத்தில் வந்த பழக்கம் என்று அதற்கும் ஒரு பெருமை கிடைத்தது. ஒரு காலையில், இரைக்க இரைக்க அவரைக் காரில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்று சொன்னார்கள். இத்தனை ஆண்டுகளாக நானும் அதையே நம்பினேன். என் மகனுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன்.

மஸ்கட்டில் என் காலில் விழுந்த குழி அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தது. மருத்துவர் ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

“இருந்தது. என் சித்தப்பாவுக்கு” என்றேன்.

மகன் திடுக்கிட்டுத் திரும்பினான். “அம்மா! அவுகளுக்கு நெஞ்சுவலின்னுல்லா சொல்லுவீங்க?”

நான் குனிந்து, என் காலில் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். கார் கிளம்புமுன் நான் சன்னல் வழியே கையை நுழைத்து, பின்னிருக்கையில் நீட்டிவைத்திருந்த சித்தப்பாவின் காலில் அழுத்தியது நினைவுக்கு வந்தது. முன்னைவிட ஆழமாகக் குழி விழுந்தது. அது மேலே வருவதற்குள் கார் போய்விட்டது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போய்விட்டாரே என்று அன்று முழுவதும் நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். அத்தனை பேர் கூடியிருந்த அந்தப் பங்களாவில் அவர் காலைத் தொட்டுப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.