தலைவரின் மைக்

மேடவாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்ககத்தில், சங்கக் கூட்டத்துக்கு மைக் ஏற்பாடு செய்வது மூன்றாம் மாடி அக்கா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, சார்ஜரிலிருந்து எடுத்த ஒவ்வொரு பேட்டரியையும் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார்.

தலைவருக்கு ஒரு மைக், கேள்வி கேட்பவர்களுக்கு ஒன்று. ஆனால் தலைவர் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்தில்தான் நிறுத்துவார். தண்ணீர் லாரி ஏன் ஒழுங்காக வருவதில்லை என்று கேட்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்காது.

சங்கம் புதிதாக ஒரு ஸ்மார்ட் சார்ஜர் வாங்கியது. "சார்ஜ் ஏத்தச் சொன்னா, இருக்கறதையும் இறக்குது தம்பி!" என்று அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முழுக்க இறக்கி மறுபடி ஏற்றினால்தான் எந்த பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியும் என்றேன்.

"அப்போ ஃபுல்லுன்னு காட்டினாலும் பழசு சீக்கிரம் படுத்துடுமா?"

"ஆமாக்கா."

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் சார்ஜர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பேட்டரியைக்கூடச் சோதிக்காமல் விடவில்லை. கூட்டத்தன்று காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாமே ஃபுல்.

தலைவர் வரவேற்புரையைத் தாண்டுவதற்குள் அவர் மைக் நின்றுபோனது. அக்கா இன்னொரு மைக்குடன் எழுந்தார். அது கணீரென்று ஒலித்தது.

"தண்ணி லாரி ஏன் சார் வரல?"

பிறகு அந்த மைக் கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசி கேள்வி வரை அது நிற்கவில்லை.

தலைவர் அக்காவை முறைத்தார்.

"ஃபுல் சார்ஜ்தான் சார் போட்டேன். தம்பியும் பார்த்தாரே."

"ஆமா சார், ஃபுல்தான்" என்றேன். நான் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.