கிழக்கே இருந்த தளம்

அன்று படகில் மூன்று பேர். டிரோனை ஓட்டும் நான், செம்பியன். அதை வடிவமைத்த ஹாமித். படகோட்டி தங்கராசு மாமா. கரையில், கடலூர் துறைமுகத்தில், டிரோனோடு எங்கள் குழுவின் இலக்கியா. நடந்தது அத்தனையும் உண்மை. நம்பாதவர்கள் மாமாவைக் கேட்கலாம், இலக்கியாவைக் கேட்கலாம். ஹாமித்தைக் கேட்க முடியாது.

நைட் ஷிப்டை உதறிவிட்டு நான் சேர்ந்த வேலை இது. ஆடும் கப்பலில் டிரோனை இறக்கிப் பழக்குவது. கப்பலின் மேல்தளத்தை நெருங்கும்போது விசிறிக் காற்று அதில் மோதித் திரும்பி, டிரோனைத் தாங்கும். மோட்டாருக்கு வேலை குறையும். அலையில் தளம் சட்டென்று தாழ்ந்தால் தாங்கல் போய்விடும். டிரோன் விழும்.

மாலை ஐந்தரை. ஹாமித்துக்கு இரைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் கரையில், காருக்குள்.

"மச்சான்... சீக்கிரம்..."

"கரைக்குப் போவ ஒரு மணி நேரம் ஆவும்," என்றார் மாமா. "மருந்த டிரோன்ல வச்சி அனுப்பச் சொல்லு, அந்தப் பொண்ண."

வாக்கிடாக்கியில் சொன்னேன். சற்று நேரத்தில் கரகரப்பாக ஒரு பதில். "வச்சாச்சு."

கிளப்பினேன்.

டிரோன் வந்தது. எங்களிடம் வரவில்லை. கிழக்கே, வெறும் கடலுக்கு மேல், பனைமர உயரத்தில் இறங்கத் தொடங்கியது. என் கையிலிருந்த திரையில் மோட்டாரின் வேலை குறைந்தது. அடியில் தளம் இருப்பதுபோல.

அங்கே எதுவும் இல்லை.

மோட்டார்கள் நின்றன. டிரோன் விழவில்லை. அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. மெல்ல ஏறியது... மெல்ல இறங்கியது...

"சின்ன போட்டு இப்பிடி ஆடாது," மாமாவின் குரல் தணிந்தது. "இது பெரிய கப்பலு."

பக்கத்தில் போனோம். காற்று பட்டென்று நின்றது. உயர்ந்த இரும்புச் சுவரின் மறைவில் ஒதுங்கியதுபோல.

ஹாமித்தின் உதடு நீலமானது.

டிரோனைத் திரும்ப அழைக்கும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பிறகு அது தானாகக் கிளம்பி எங்கள் படகில் இறங்கியது. பெட்டிக்குள் இன்ஹேலர். ஈரமாக இருந்தது. ஹாமித் உறிஞ்சினான்.

இரைப்பு நின்றது.

துறைமுகத்தில் இலக்கியா ஓடிவந்தாள். அவள் கையில் ஹாமித்தின் இன்ஹேலர்.

"கார்லேர்ந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஏன் கெளப்புனீங்க? வாக்கியில எத்தன வாட்டி கூப்புட்டேன்."

போன வாரம் சிதம்பரத்தில் ஹாமித் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஷஹனாஸ் வாசலிலேயே நிறுத்தினாள்.

"இரைப்பு இல்லண்ணே. மூச்சே இல்ல. நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன். உள்ள எங்கியோ எஞ்சின் ஓடுது."

ஹாமித் வந்தான். என்னைப் பார்த்தான்.

"மச்சான், எப்ப எறக்கி விடுவீங்க?"



ஆடாத தரையில், சுவரைப் பிடித்தபடி, சாய்ந்து சாய்ந்து அவன் அறைக்குள் போனான். ஷஹனாஸ் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினாள்.