பதினான்கு இறக்கைப் பம்பு

பம்புக் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘சரி சார்’. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் மேனேஜர் எதைக் கேட்டாலும் அவர் வேறு பதில் சொன்னதில்லை.

ஆள் மூளைக்காரர்தான். பம்புக்குள் சுழலும் சக்கரத்தில் எத்தனை இறக்கை வைத்தால் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்க, ஒரு டிசைனுக்கு ஆறு நாள் பிடிக்கும். இவர் ஐந்திலிருந்து ஒன்பது இறக்கை வரை முப்பது டிசைன்களை ஓடவிட்டு, வந்த விடைகளையெல்லாம் ஒட்டிப் போகிற மாதிரி ஒரு சின்னச் சூத்திரம் எழுதினார். அப்புறம் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை. ஆறு நாள் டீ குடிக்கக் கிடைத்த சாக்கு போச்சே என்று மற்றவர்கள் பொருமினார்கள்.

மேனேஜருக்கோ கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அந்தச் சூத்திரத்தில் இறக்கை பதினான்கு என்று தட்டினார். மணிக்கு மைனஸ் மூன்று யூனிட் கரண்ட் என்று வந்தது. அதாவது, பம்பு தண்ணீரையும் ஏற்றும், கரண்டையும் தரும்! உடனே ஓர் ஆஸ்பத்திரிக்கு எட்டுப் பம்பு தருவதாகப் பேசிவிட்டார்.

ஒன்பதைத் தாண்டினால் சூத்திரம் வாய்க்கு வந்ததை உளறும் என்பது நம்மவருக்குத் தெரியும். அந்தப் பம்பை நம்பினால் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி நோயாளிகளுக்குத் தண்ணீர் ஏறாது என்பதும் தெரியும். வீட்டில் கண்ணாடி முன் நின்று, “தப்பு சார்” என்று சொல்லிப் பார்த்தார்.

“எனக்கே கேக்கலை. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றாள் மனைவி.

மறுநாள் காலை நம்மவர் மேனேஜரின் அறைக்குள் போனார்.

“வாங்க வாங்க. கணக்கெல்லாம் சரின்னு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் நேத்தே போயாச்சு. உங்க கையெழுத்தையும் நானே போட்டுட்டேன்.”

“என்னைக் கேக்கவே இல்லையே, சார்?”

“எதுக்குக் கேக்கணும்? பதினெட்டு வருஷமா கேட்டுப் பாத்தாச்சு. நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது டிசைனின் பழைய விடைகளை வைத்து அவர் பம்புக்குச் செய்ததை, பதினெட்டு வருஷ ‘சரி சார்’களை வைத்து இந்த மனுஷன் அவருக்கே செய்திருக்கிறார். அவமானமாக இருந்தது.

“தப்பு சார்.”

மேனேஜர் பதறிப்போனார். “ஏன், உடம்பு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்களேன்.”

நம்மவர் மேஜைமேல் இருந்த போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினார்.

“வணக்கம், பம்புக் கம்பெனியிலேருந்து பேசறேன். நேத்து வந்த லெட்டர்ல இருக்கிற கையெழுத்து என்னோடது இல்லைங்க.”