காத்தடிச்சா கேக்கும்

எண்பதுகளில் ராஜபாளையத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நான் தபேலா வாசித்தேன். எங்கள் பாடகி அக்கா ஒல்லியான பெண். குரல் மட்டும் மண்டபத்தை நிறைத்துவிடும். பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் கண்ணை மூடியபடியே என் பக்கம் தலையசைப்பார். கல்யாணமாகி சேத்தூர் போனவரைப் புருஷன் வீட்டில் பாட விடவில்லை.

பிறகொருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தார்.

"அடுத்த கச்சேரி எங்கப்பா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

"உங்க ஊர்லதான்க்கா, மாரியம்மன் பொங்கலுக்கு. வாரியளா?"

"வீட்ல அவிய விடமாட்டாக. காத்தடிச்சா எங்க தெருவுக்குக் கேக்கும்."

பொங்கலன்று மைக்செட்காரரிடம் கெஞ்சி, ஒரு குழாய் ஸ்பீக்கரை அக்காவின் தெருப் பக்கம் திருப்பி வைத்தேன். புதிதாக வந்த பெண்ணை அக்காவின் பாட்டுகளையே பாடச் சொன்னேன். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. அன்று கேட்டிருப்பாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.