மூன்று ஏக்கர் முள்

பூங்கொடி டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். எம்.ஏ. முடித்தால்தான் பெரிய வகுப்பு தருவோம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் போன வருஷத்திலிருந்து சனிக்கிழமைதோறும் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய், பல்கலைக்கழகத்து வார இறுதி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். இந்த வயதில் என்னத்துக்குப் படிப்பு என்று கேட்பவர்களோடு அவள் சண்டைக்குப் போவதில்லை. அப்படிக் கேட்பவர்கள் எந்த வயதிலும் படிக்காதவர்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறவர்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் கவிதையைப் படிப்பதில்லை, கைடைத்தான் படிப்பார்கள். கவிஞன் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதியதைக் கைடு ஐந்து பாயின்ட்டில் முடித்துவிடும். பரீட்சைக்கு அது தாராளம். பூங்கொடியும் அப்படித்தான் ஒப்பேற்றிக்கொண்டு இருந்தாள், ஹாரூன் சார் வகுப்புக்கு வரும்வரை.

ஹாரூன் சார் நடத்த வந்தது எழுநூறு வருஷத்துக்கு முந்திய இத்தாலியக் கவிதை ஒன்று. உயிரோடு இருக்கும் ஒருவன் பாதாளத்துக்குள் இறங்கிப் போய், செத்தவர்கள் என்னென்ன தண்டனை அனுபவிக்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கிற கதை. முதல் நாளே அவர் எல்லோருடைய கைடையும் வாங்கித் தன் மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டார்.

"பண்டிதர் பாஷைய விட்டுட்டு, சந்தைக்குப் போறவன் பேசுற பேச்சுல எழுதுன பாட்டு இது. நீங்களும் அப்படியே படிங்க. ஆளுக்கு ஒரு பகுதி. வீட்டுல ஒருத்தருக்கு அதைக் கதையாச் சொல்லணும். அவிய என்ன கேட்டாவன்னு ஒரு பக்கம் எழுதிக் கொண்டாங்க. மார்க்கு அதுக்குத்தான்."

துண்டுச் சீட்டுகளை டிபன் பாக்ஸ் மூடியில் குலுக்கி நீட்டினார். பூங்கொடி எடுத்ததில் பதிமூன்று என்று இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஒருத்தர் என்றால், அவள் வீட்டில் இருப்பதே ஒருத்தர்தான். மாமியார் ஜானகியம்மாள். பூங்கொடியின் புருஷன் மணிகண்டபிரபு செத்து ஒன்பது வருஷமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது. புருஷனும் போன பிறகு மருமகளும் மாமியாரும் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று தெருவே அதிசயப்பட்டது. அதில் ஒரு ரகசியமும் இல்லை. மணிகண்டபிரபுவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்வதில்லை. உப்பு, புளி, பால்காரர், கரன்ட் கட் என்று பேசிக்கொள்ள வேறு எவ்வளவோ இருந்தன.

அவன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். புதூர்ப் பக்கம் சொந்த ஊரில் மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை. ஓர் ஆவணி மாதம், உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடந்த அந்தப் புஞ்சைக்குத் தனியாகப் போய், அங்கேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. சீட்டு எழுதி வைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட வீட்டுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்தான். பூங்கொடி அதன் பிறகு புஞ்சைப் பக்கம் கால் வைக்கவே இல்லை. புதூர் பஸ்ஸில் போக நேர்ந்தால் மறுபக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொள்வாள்.

பதினாறு முடிந்த கையோடு ஜானகியம்மாள் ஒரு காரியம் செய்தாள். ஒரு கிடைக்காரரைக் கூட்டி வந்து புஞ்சையில் ஆட்டுக்கிடை போடச் சொன்னாள். ராத்திரி ஆடுகளை நிலத்தில் மறித்துப் போட்டால் புழுக்கை உரமாகும், கரிசலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கிடை என்றால் நாளுக்கு ஓரிடமாக மாற்ற வேண்டும். ஜானகியம்மாளோ புஞ்சையின் நடுவில் ஒரே இடத்திலேயே எட்டு ராத்திரி போட வைத்தாள். போதாக்குறைக்கு அவை கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல நெத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்த ஆடுகள். நெத்துக்குள் இருக்கும் விதை ஆட்டு வயிற்றில் சாகாது. ஐப்பசி மழை விழுந்ததும் உளுந்து முளைக்க வேண்டிய இடத்தில் முள் முளைத்தது. மூன்றாம் வருஷம் மூன்று ஏக்கரும் முள்ளுக்காடு. மகன் போன துக்கத்தில் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது, வெள்ளாமை தெரிந்தவள் செய்கிற வேலையா என்று ஊர் உச்சுக்கொட்டியது. பூங்கொடியும் அப்படித்தான் நினைத்தாள்.

விறகைச் சுட்டுக் கரிமூட்டம் போடுகிற சோலைச்சாமி வருஷா வருஷம் வந்து, முள்ளை வெட்டித் தூரெடுத்துத் தருகிறேன் என்று கேட்பார். ஜானகியம்மாள் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். ஏன் அத்தை என்று பூங்கொடி கேட்டால், வேண்டாம்னா வேண்டாம், அவ்வளவுதான். இந்த வருஷம் நிலைமை மாறிவிட்டது. அந்த முள்ளுக்குள் காட்டுப்பன்றி குடியேறி, சுற்றியிருந்த மக்காச்சோளத்தையெல்லாம் அழித்தது. ஊர்க்காரர்கள் வீடு தேடி வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பூங்கொடி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் வைத்து, மாமியாருக்குத் தெரியாமல், சோலைச்சாமியிடம் வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் திங்கட்கிழமை காலையில் ஆட்களோடு வருவதாகச் சொன்னார். அத்தையிடம் ஞாயிற்றுக்கிழமை பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம்.

அதற்கு நடுவில் வந்த சனிக்கிழமையில்தான் அவள் பதிமூன்றாம் சீட்டை எடுத்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்காரக் கொஞ்சம் இடம் கிடைத்தது. கங்கைகொண்டான் தாண்டியதும் புத்தகத்தைப் பிரித்தாள். மணியாச்சி வருவதற்குள் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய் மறுபடி படித்தாள். அந்தப் பகுதி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கானது. அவர்களுடைய உயிரைப் பாதாளத்தின் நீதிபதி விதையாக எறிந்துவிடுகிறான். விழுந்த இடத்தில் அது முளைத்து முள்மரமாகிறது. அந்தக் காட்டுக்குள் சுற்றிப் பார்க்க வந்தவன் விவரம் தெரியாமல் ஒரு சிறு கிளையை ஒடிக்கிறான். ஒடித்த இடத்தில் ரத்தம் வருகிறது, கூடவே குரலும் வருகிறது. என்னை ஏன் ஒடிக்கிறாய் என்று மரம் கேட்கிறது.

பூங்கொடிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். திருடனையும் ஏமாற்றுக்காரனையும் என்ன பாடு வேண்டுமானாலும் படுத்திவிட்டுப் போகட்டும். தாங்க முடியாமல் போனவனை எதற்கு அங்கே கொண்டுபோய் நட்டுவைக்க வேண்டும்? அந்தக் கவிஞன் மட்டும் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தால் கடம்பூர் வருவதற்குள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். மரம் தன் கதையைச் சொல்லி முடித்தபோது, கேட்டவனுக்கு இரக்கத்தில் பேச்சே எழவில்லை என்று ஓர் இடம் வந்தது. அங்கே மட்டும் கவிஞனைக் கொஞ்சம் மன்னித்தாள்.

தலையை நிமிர்த்தினால் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். திங்கட்கிழமை அரிவாளோடு வரப்போகும் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். படித்தவள் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் கோவில்பட்டி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜானகியம்மாள் முறத்தை மடியில் வைத்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒரு கதை சொல்லுதேன். காலேசுல சொல்லச் சொல்லியிருக்காவ."

"சொல்லு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான கெடக்கு."

கதையை மாற்றிவிடலாம் என்றுதான் பூங்கொடி நினைத்திருந்தாள். தானாகப் போனவர்கள் என்பதைத் திருடர்கள் என்று ஆக்கிவிட்டால் மார்க்குக்கு மார்க்கும் ஆயிற்று, வீட்டில் வம்பும் இல்லை. வாயைத் திறந்தபோது அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மணிகண்டபிரபுவையே திருடன் என்று சொல்கிற மாதிரி இருந்தது. உள்ளபடியே சொன்னாள். ஜானகியம்மாள் தலை நிமிரவில்லை. கொட்டை முறத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கதை முடிந்ததும் கேட்டாள்: "என்ன முள்ளு அது? நம்ம சீமைக்கருவேலமா?"

"எழுதலை அத்தை. முள்ளுன்னு மட்டுந்தான் இருக்கு."

"அந்த விதையை யாரு போட்டா?"

"யாரும் ஊனலை. மேல இருந்து எறியுதாவ. விழுந்த இடத்துல முளைக்குது."

"ஏன், அவனுகளைப் பெத்தவ ஒருத்தியும் அங்கன இல்லையாக்கும்?"

பூங்கொடிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஜானகியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்ம புஞ்சையில நான்தான் போட்டேன் தாயி. கிறுக்குப் புடிச்சுப் போய்க் கிடை போட்டேன்னு ஊரே சிரிச்சது. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவன்னு இருந்தேன். கிடைக்காரன்ட்ட, நெத்து தின்ன ஆடுதான் வேணும்னு கேட்டு வாங்குனேன். எட்டு ராத்திரியும் எம்மவன் கெடந்த எடத்துலதான் மறிக்கச் சொன்னேன்."

"எதுக்கு அத்தை?"

"நீ மயங்கிக் கெடந்த. உனக்கு ஒண்ணுந் தெரியாது. பதினாறு நாளும் வாரவன் போறவன்லாம் புஞ்சைக்குள்ள எறங்கி, இங்கனதான் கெடந்தான், இங்கனதான் கெடந்தான்னு காட்டுதான். செல்போன்ல படம் புடிக்கான். ஒருத்தன் அந்த எடத்துலயே நின்னு பீடி குடிக்கான். செருப்புக் காலோட மிதிக்கானுவ தாயி, எம்புள்ள தலை வச்ச எடத்தை. நான் எத்தனை நாளு அங்கன போயி நின்னு வெரட்ட முடியும்? முள்ளுன்னா எவன் மிதிப்பான்?"

பூங்கொடி அழுதாள். ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் சத்தம் போட்டு அழுததில்லை, அன்றைக்கு அழுதாள். கிழவியைக் கிறுக்கு என்று ஊர் சொன்னபோது சும்மா இருந்ததற்கும், சோலைச்சாமியிடம் தலையாட்டிவிட்டு வந்ததற்கும் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே திங்கட்கிழமை விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

ஜானகியம்மாள் கோபப்படவில்லை. புளி ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அடுத்தவன் சோளத்தைப் பன்னி அழிக்கத்தான் செய்யுது. எனக்குந் தெரியும். வெட்டட்டும். அந்த ஒரு எடத்தை மட்டும்..." என்றாள்.

பூங்கொடி எழுந்து போய் சோலைச்சாமிக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, நாங்க வராம ஒரு குச்சியிலகூடக் கை வச்சிராதீங்க" என்றாள்.

ஹாரூன் சாருக்கு அவள் எழுதிக் கொடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: விதையைப் போட்டது யார் என்று கேட்டார்கள். சார் அதைப் படித்துவிட்டு, நீங்க என்ன பதில் சொன்னீங்க என்று கேட்டார். பதில் சொல்லவில்லை சார், கேட்டுக்கொண்டேன் என்றாள். எத்தனை மார்க் போட்டார் என்பது முக்கியமில்லை. ஆனால் அது அடுத்த சனிக்கிழமை. அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மாமியாரும் மருமகளும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். பூங்கொடி இந்தத் தடவை ஜன்னல் மாறி உட்காரவில்லை. சோலைச்சாமி ஆறு ஆட்களோடு புஞ்சை ஓரத்தில் காத்திருந்தார். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு முன்னால் வழி வெட்டச் சொல்லி, ஜானகியம்மாள் பின்னாலேயே நடந்தாள். அவளுக்குப் பின்னால் பூங்கொடி. சேலையை இரண்டு மூன்று இடத்தில் முள் இழுத்தது. நடுவில் மற்றதைவிட மூத்த மரங்களாகப் பத்துப் பன்னிரண்டு நெருங்கி நின்றன. கிழவி ஒரு மரத்துத் தூரைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

"இங்கனதான்."

அந்த ஒன்பது வருஷத்தில் பூங்கொடி அந்த இடத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முள்ளும் சருகும் மூடிய தரையில் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை.

சோலைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், சுத்தி வெட்டிட்டு நடுவுல விட்டுருதேன். எம்புட்டு விடணும்னு சொன்னா, கயிறு கட்டிருவேன்."

பூங்கொடி மாமியாரைப் பார்த்தாள். ஜானகியம்மாள் தூரை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னாள்:

"ஒரு ஆளு நீட்டிப் படுக்குற அளவுக்கு விட்டாப் போதும்யா."

சோலைச்சாமி கயிற்றை எடுத்து அளந்து, நான்கு மரங்களில் சுற்றினார். முடிச்சுப் போடப் போனபோது பூங்கொடி குறுக்கே கை நீட்டித் தடுத்தாள். மணிகண்டபிரபு போன பிறகு அவனைப் பற்றி அவள் மாமியார் காது கேட்கப் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"பத்தாது அண்ணாச்சி. அவிய ரெண்டு கையையும் விரிச்சுப் போட்டுத்தான் தூங்குவாவ. இன்னுங் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க."