நெற்றியோடு நின்ற மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் கடைசி. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் நான்தான் கம்ப்யூட்டர் இலாகா. அதாவது பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பவன். போட்டிக் கம்பெனி தன் விலைப் பட்டியலைத் திருடிவிடும் என்று முதலாளிக்கு ஓயாத பயம். அதனால் போத்தனூரில் இருந்த தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வி.பி.என். போடச் சொன்னார். இன்டர்நெட் என்ற பொதுவழியில் நமக்கு மட்டுமான மூடிய குழாய் அது.

"எல்லாமே நம்மாபீஸ் வழியாத்தான் போயி வரோணுமுங்க. ஒண்ணும் வெளிய ஒழுகப்படாது."

போட்டுக்கொடுத்தேன். படித்ததை யார் தலையிலாவது கட்ட நானும் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு போனிலிருந்து முதலாளி அழைத்தார். அவர் வீட்டு லைனை இன்டர்நெட் பிடித்திருந்தது.

"ஏனுங்க, வெரசா வாங்க. மாப்ள நெத்தியோட நின்னுபோட்டாரு!"

ஓடினேன். அவர் மகளுக்கு அமெரிக்க வரன். பையன் தன் படத்தை இணையத்தில் போட்டிருந்தார். மதியத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அவர் வீட்டார் வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். திரையில் தென்னங்கீற்று, தலைமுடி, நெற்றி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"முடி அடர்த்தியாத்தான் இருக்குது. செரின்னு சொல்லிப்போடலாமுங்க," என்றார் முதலாளியின் மனைவி.

"அம்மா, மூக்காவது வரட்டும்," என்றாள் மகள்.

படம் முதலில் ஆபீஸ் டெலிபோன் லைனில் இறங்கி, பூட்டுப் போடப்பட்டு, அதே லைனில் மறுபடி ஏறி, போத்தனூர் வந்து பூட்டுத் திறக்க வேண்டும். விளக்கினேன்.

"பைப்புல இத்தன பெண்டு வெச்சா எந்த மோட்டாருங்க தண்ணி தள்ளும்? ஆரு போட்ட பைப்லைன் இது?" என்றார் முதலாளி.

"நீங்க சொல்லி நான் போட்டதுதானுங்க."

செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்தேன். ஆபீஸ் ஃபைல்கள் மட்டும் இனி குழாயில், மற்றவை நேர்வழி. மறுபடி இணைத்தேன். மூக்கு வந்தது, மீசை வந்தது, மகள் முகத்தில் சிரிப்பு வந்தது. கடைசியில், மாப்பிள்ளை ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தில் கையூன்றி நின்ற மோட்டாரும் வந்தது. அதில் போட்டிக் கம்பெனியின் பெயர்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க," என்றார் முதலாளி.

"ஏப்பா, நான் மோட்டாரையா கட்டிக்கப் போறேன்?" என்ற மகள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நெட்டக் கட் பண்ணுங்க. அப்பா போன் பேசோணும்."

பேசினார். கல்யாணத்துக்கு முன்பே சம்பந்தி தோட்டத்தில் அந்த மோட்டார் போய் எங்கள் கம்பெனி மோட்டார் வந்தது. சீர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டில் வி.பி.என். தவழ்ந்தால் ரகசியத்தை மட்டும் அதில் விடுங்கள், மற்றதை நேரே விடுங்கள். ஆனால் பாராட்டை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அந்த வருடம் இன்க்ரிமென்ட் இல்லை. நெற்றியோடு நிறுத்தியிருந்தால் ஒரு மோட்டார் மிச்சம் என்பது முதலாளியின் கட்சி.